சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் எட்டு மாதம் பாய்மரப் படகில் தங்க: முதலில் எதைப் பார்க்கணும்?

#1 விரிகுடா_புதுசு

எமரிவில்லில் எட்டு மாத காண்ட்ராக்ட் வேலை, அக்டோபர் கடைசியில் ஆரம்பம். இங்கே வீட்டு வாடகையைப் பார்த்த பிறகு மெரினாவில் கட்டியிருக்கும் படகிலேயே தங்கலாமா என்று யோசிக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் தன் 32 அடி பாய்மரப் படகை மாத வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார். 1980களில் செய்த ஃபைபர்கிளாஸ் படகு, டீசல் எஞ்சின். இல்லாவிட்டால் அதே அளவில் மலிவாக ஒன்றை வாங்கி, ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிடலாம். பாய் விரித்து ஓட்டும் எண்ணம் இல்லை, கட்டின இடத்திலேயே இருக்கும். தனி ஆள். தினமும் சமைப்பேன், நம்ம ஊர் சமையல்தான். சட்டம், குளிர், கழிப்பறை, கரண்ட் எல்லாமே எனக்குப் புதுசு. எதிலிருந்து தொடங்குவது?

#2 அணியம்

படகை விடுங்க, முதல்ல இடம். இந்த விரிகுடாவில் படகு கிடைப்பது சுலபம், அதில் குடியிருக்க அனுமதியோட ஒரு ஸ்லிப் (மெரினாவில் ஒரு படகு கட்டும் இடம்) கிடைப்பதுதான் கஷ்டம். விரிகுடாவையும் அதன் கரையையும் கட்டுப்படுத்தும் ஆணையம் பி.சி.டி.சி. ஒரு மெரினாவில் இருக்கும் ஸ்லிப்புகளில் 10 சதவீதத்துக்கு மேல் குடியிருப்புப் படகு கூடாது என்பது அவர்கள் விதி. 400 ஸ்லிப் இருந்தா 40 படகு, அவ்வளவுதான். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

"ஸ்லிப்போட சேர்த்துத் தர்றேன்"னு விற்கிறவர் சொல்வார். பெரும்பாலான மெரினாக்களில் குடியிருக்கும் அனுமதி ஆளுக்கும் படகுக்கும் சேர்த்துத் தந்தது, படகு கைமாறினா கூடவே வராது. தனியாருக்குச் சொந்தமான ஸ்லிப்பை அவரிடம் வாடகைக்கு எடுத்தாலும் அதே கதை, அனுமதி துறைமுக அலுவலகத்திலிருந்துதான் வரணும்.

அதனால் எமரிவில், பெர்க்லி, அலமீடா, ஓய்ஸ்டர் பாயின்ட் அலுவலகங்களுக்கு இன்னைக்கே போன் போடுங்க. மூணு கேள்வி: தங்கும் அனுமதி இப்போ காலியா, படகின் உரிமையாளர் அல்லாத ஒருவர் தங்கலாமா, குறைந்தது எத்தனை அடி நீளம் வேணும். சில இடங்களில் 30 அடிக்குக் கீழே தங்க விடமாட்டாங்க.

#3 விரிகுடா_புதுசு

நன்றி. உரிமையாளர் சொல்வது: "வாரத்துக்கு நாலைந்து ராத்திரி தங்கினா யாரும் கண்டுக்க மாட்டாங்க, நிறைய பேர் அப்படித்தான் இருக்காங்க." நிஜமா?

#4 கழிமுகம்

அப்படி இருப்பவர்கள் உண்டு. ஆனால் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். நுழைவாயில் சாவி அட்டை ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பதிவு செய்கிறது. ஸ்லிப்புக்குத் தனி மீட்டர் இருந்தால் குளிர்காலத்தில் 1500 வாட் ஹீட்டர் இரவு பத்து மணி நேரம் ஓடியதே 15 யூனிட்டைக் காட்டிவிடும். ஆளில்லாத படகு அவ்வளவு எடுக்காது. எத்தனை இரவு வரை 'குடியிருப்பு' ஆகாது என்பது மெரினாவுக்கு மெரினா மாறும். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு, வாய்ப்பேச்சு செல்லாது.

இந்த விதி ஏன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். விரிகுடாவின் நீர்ப்பரப்பு பொதுமக்களுக்கான அறக்கட்டளைச் சொத்து என்பது கலிஃபோர்னியாவின் சட்டக் கொள்கை. அதன்மேல் தனியார் வீடு வைத்துக்கொள்வது அதற்குள் வராது. ஒரு சிலர் இரவும் பகலும் இருந்தால் திருட்டு, தீ, மூழ்கும் படகு ஆகியவற்றுக்குக் காவலாக இருக்கும் என்பதால்தான் அந்த 10 சதவீதம். ரெட்வுட் சிட்டியில் டாக்டவுன் என்ற மிதக்கும் குடியிருப்பு இதே கொள்கையின் பேரில்தான் காலி செய்யப்பட்டது.

'மெரினா வேண்டாம், நங்கூரம் போட்டுத் தங்கிக்கொள்கிறேன்' என்று அடுத்து யோசிப்பீர்கள். சாசலீட்டோ பக்கத்து ரிச்சர்ட்சன் விரிகுடாவில் பல தலைமுறையாக அப்படி இருந்தவர்களையே 2026 அக்டோபர் 15க்குள் முழுதாக அகற்ற 2021இல் ஒப்பந்தமாகிவிட்டது. வந்துபோகும் படகுகளுக்கு அங்கே 72 மணி நேரம்தான். நங்கூரச் சங்கிலி அடிமண்ணைச் சுரண்டி ஈல்கிராஸ் என்ற கடற்புல்லை அழிக்கிறது என்பது ஒரு முக்கியக் காரணம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது காப்பீடு. மெரினாக்கள் 3 லட்சம் அல்லது 5 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு கேட்பது வழக்கம். 'வார இறுதியில் மட்டும் பயன்பாடு' என்று எழுதிய பாலிசியில் நீங்கள் குடியிருந்து, உங்கள் ஹீட்டரால் பக்கத்துப் படகும் எரிந்தால், நிறுவனம் கையை விரித்துவிட இடம் இருக்கிறது. வாடகைக்கு எடுத்தால் உரிமையாளரின் பாலிசியில் உங்கள் பெயர் ஏற வேண்டும்.

#5 வல்வை_மாலுமி

தம்பி, எட்டு மாசத்துக்கெண்டு படகு வாங்காதேங்கோ. வாங்கிறது ஒரு நாள் வேலை, விக்கிறதுதான் பாடு. ஆயிரம் டாலருக்கும் இனாமாயும் கிடக்கிற படகுகளில எஞ்சின் ஓடாது, இல்லாட்டி டெக்குக்குள்ள இருக்கிற பால்சா மரம் தண்ணி ஊறிப் புட்டாப் போயிருக்கும். கடைசியில வாங்க ஆளில்லாமல் உடைச்சு அகற்றிறதுக்கும் நீங்கள்தான் காசு கட்டவேணும். வேண்டாத படகைக் காசில்லாமல் ஒப்படைக்க மாநிலத்தின்ர படகுத்துறையிட்ட ஒரு திட்டம் இருக்கு, அதுக்கும் பேர்ப் பத்திரம் சரியாயிருக்க வேணும், வரிசையில நிக்கவும் வேணும்.

வாடகைக்கு எடுத்தாலும் படுக்கையை விரிக்க முன்னம் ஒரு டோர்ச் லைட்டோட உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ:

சீகாக். படகின்ர அடியில ஓட்டை போட்டுப் பூட்டியிருக்கிற வால்வுகள். 32 அடிப் படகில ஆறேழு இருக்கும்: எஞ்சினுக்குத் தண்ணி எடுக்க ஒண்டு, கழிப்பறைக்கு ரெண்டு, சிங்க், கொக்பிட் (பின்னால இருக்கிற திறந்த இருக்கைப் பள்ளம்) வடிகால் எண்டு. ஒவ்வொண்டையும் மூடித் திறந்து பாருங்கோ. இறுகிப்போய்க் கிடந்தால் சுத்தியலால தட்டாதேங்கோ, பித்தளை உளுத்திருந்தால் கையோட முறிஞ்சு வரும், ஒண்டரை இஞ்சி ஓட்டைக்கு உங்களிட்ட நேரம் கிடையாது. அது படகை மேல தூக்கினாப் பிறகு செய்யிற வேலை. ஒவ்வொரு சீகாக்கிலயும் அதுக்கு அளவான மென்மரக் கூம்பு ஒண்டைக் கயித்தில கட்டித் தொங்கவிடுங்கோ, முறிஞ்சால் ஓட்டையில அடிச்சு அடைக்க. ஹோஸுக்கு ஒவ்வொரு முனையிலயும் ரெண்டு கிளாம்ப் இருக்கவேணும்.

பில்ஜ் பம்ப். பில்ஜ் எண்டால் படகின்ர அடியில தண்ணி தேங்கிற பள்ளம். மிதவை சுவிட்சைக் கையால தூக்குங்கோ, பம்ப் ஓடவேணும். அதின்ர வயர் பியூஸ் வழியா நேரே பட்டரிக்குப் போகவேணும். மெயின் சுவிட்சை அணைச்சாலும் பம்ப் நிக்கக் கூடாது. ப்ரொப்பெல்லர் தண்டு வெளிய போற இடத்தில நூல் பக்கிங் (தண்ணி உள்ள வராமல் சுத்தி அடைக்கிற திரி) எண்டால், படகு நிக்கேக்க துளி விழுறது இல்லாட்டி மிகக் குறைவாயிருக்கவேணும். பம்ப் ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஓடுதெண்டு எண்ணுற சின்ன மீட்டர் விக்கிறாங்கள், பூட்டுங்கோ. நேற்று ரெண்டு, இண்டைக்கு ஒன்பது எண்டால் உடன தேடத் தொடங்கலாம்.

#6 மின்வடம்

கரண்ட் பகுதி நான் சொல்றேன். படகுத் தீ நிறைய வயரிங்ல ஆரம்பிக்கிற சமாச்சாரம்னு வச்சுக்கிட்டே இதைப் படிங்க.

அந்தக் காலத்து 32 அடிப் படகுக்கு வர்றது ஒரு 30 ஆம்ப், 120 வோல்ட் இணைப்பு. திருகிப் பூட்டும் மூணு முனை பிளக். தொடர்ந்து ஓடுற சுமைக்கு 80 சதவீதம்தான் கணக்கு, அதாவது 24 ஆம்ப். இப்போ கூட்டுங்க: ஹீட்டர் 1500 வாட், 12.5 ஆம்ப். வெந்நீர் டேங்க் 1500 வாட், இன்னொரு 12.5. அப்பவே 25. பேட்டரி சார்ஜர் 5, 6 ஆம்ப். மேல இண்டக்‌ஷன் அடுப்பு 1800 வாட் போட்டா 15. எல்லாம் ஒரே நேரத்துல கிடையாது. வெந்நீர் டேங்க்கைக் காலையில் முக்கால் மணி நேரம் மட்டும் போடுங்க. அடுப்பு எரியும்போது ஹீட்டர் ஆஃப்.

பிரேக்கர் விழுறது நல்லது, அது தன் வேலையைச் செய்யுது. ஆபத்து பிரேக்கர் விழாத இடத்துல இருக்கு: படகுப் பக்கத்து பிளக்ல. உப்புக்காத்துல முனை பச்சை பிடிச்சு, திருகிப் பூட்டாம பாதி தளர்ந்து, அந்தத் தொடர்புல மட்டும் சூடு ஏறும். 20 ஆம்ப் ஓடினா பிரேக்கருக்கு அது சாதாரண சுமை. பிளாஸ்டிக் உருகும். ஹீட்டரை முழுசா போட்டு அரை மணி கழிச்சு இரண்டு முனையையும் கையால தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியலைன்னா உடனே ஆஃப் பண்ணி பிளக், இன்லெட் (அது செருகுற படகோட சாக்கெட்) ரெண்டையும் சேர்த்தே மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா பழையது புதுசையும் கெடுத்துடும். முனையில் பழுப்புக் கறை இருந்தாலே மாத்த வேண்டிய நேரம்.

ஹீட்டர்: எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை, 600 / 900 / 1500 வாட் தேர்வு உள்ளது. 900லயே வையுங்க. ஃபேன் ஹீட்டர் படகு ஆடும்போது கவிழும், மேல துணி விழும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர்ல ஹீட்டர் போடவே கூடாது.

#7 விரிகுடா_புதுசு

ஒரு சந்தேகம். உரிமையாளர் சொன்னார், பழைய மெரினாவில் ஒழுங்கா இருந்ததாம், இப்போ புது மின்கம்பம் வச்ச ஸ்லிப்புக்கு மாறினதிலிருந்து அடிக்கடி கரண்ட் விழுதாம். "கம்பத்தில் கோளாறு" என்கிறார்.

#8 மின்வடம்

கம்பத்தில் இல்லை, படகில் இருக்கும். புதுக் கம்பங்கள்ல மின்கசிவு பாதுகாப்பு இருக்கு. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் 30 மில்லி ஆம்ப் வித்தியாசப்பட்டா வெட்டிடும். பழைய கம்பத்துல அது கிடையாது, கசிவு தண்ணிக்குள்ள போய்க்கிட்டே இருந்திருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

வழக்கமான குற்றவாளி மூணு. படகுக்குள்ள யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே பட்டையில சேர்த்து வச்சிருப்பாங்க. வீட்டு வயரிங் தெரிஞ்சவர் படகுல கை வைச்சா நடக்கிறது இது. அடுத்து வெந்நீர் டேங்க் எலிமென்ட் உள்ள வெடிச்சு தண்ணியைத் தொடும். மூணாவது இன்வெர்ட்டர், கரைக் கரண்ட் வந்த கணத்துல அதோட ரிலே மாற கொஞ்சம் தாமதம் ஆகும்.

சோதனை: வடத்தைக் கம்பத்திலிருந்து கழட்டுங்க. படகுல பிரேக்கர் எல்லாம் ஆன். கம்பத்துக்குப் போற முனையில நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் மீட்டர் வையுங்க. தொடர்பே காட்டக் கூடாது. சில ஓம்தான் காட்டுதுன்னா ரெண்டும் எங்கேயோ சேர்ந்திருக்கு. ஒரு எச்சரிக்கை: கிளை பிரேக்கர் பெரும்பாலும் ஒரே துருவம், லைனை மட்டும் வெட்டும், நியூட்ரல் ஒட்டிக்கிட்டேதான் இருக்கும். அதனால எல்லாத்தையும் அணைச்சுட்டு ஒண்ணொண்ணா போட்டு "இதுதான் கோளாறு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. எந்தச் சுமையைப் போட்டாலும் விழுதுன்னா நியூட்ரல் பக்கம் தேடணும்.

எர்த் வயர்ல கேல்வானிக் ஐசொலேட்டர் இருக்கான்னும் கேளுங்க. கரையில செருகி வச்ச படகெல்லாம் எர்த் வழியா ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கும். ஐசொலேட்டர் இல்லைன்னா உங்க துத்தநாகக் கட்டி (மத்த உலோகம் அரிக்காம தான் கரையறதுக்குன்னு அடியில பூட்டினது) பக்கத்துப் படகோட உலோகத்துக்குக் காவல் காத்துக் கரையும். அடிப்பகுதி சுத்தம் செய்ய வர்ற டைவர்கிட்ட ஒவ்வொரு தடவையும் கட்டி எவ்வளவு மிச்சம்னு கேளுங்க, பாதி போயிருந்தா மாத்தணும். ரெண்டே மாசத்துல காணாமப் போச்சுன்னா எங்கேயாவது நேர்மின்சாரம் கசியுதான்னு பார்க்கணும்.

#9 ஈரக்காற்று

எல்லாரும் மூழ்குறதையும் எரியறதையும் சொல்லிட்டீங்க. நவம்பர்ல இந்தத் தம்பியை உண்மையில் வாட்டப்போறது ஈரம்.

32 அடிப் படகுன்னாலும் உள்ளே இருக்கிற காற்று ஒரு சின்ன அறை அளவுதான். தூங்குற ஆள் ராத்திரிக்கு அரை லிட்டர் வரைக்கும் மூச்சிலும் வியர்வையிலும் வெளியே விடுவார். கேஸ் அடுப்பு தனி: ஒரு கிலோ புரோப்பேன் எரிஞ்சா ஒன்றரைக் கிலோவுக்கு மேலே தண்ணீர் ஆவியா வரும். அதுக்கு மேல சாதம், சாம்பார் கொதிக்கிற ஆவி. இதெல்லாம் எங்கே போய் உட்காரும்? குளிர்ந்த ஃபைபர்கிளாஸ் மேலே, அலுமினிய ஜன்னல் சட்டத்துல, மெத்தைக்கு அடியிலே.

மெத்தை அடிதான் முதல் எதிரி. உடம்பு சூடு மேலே, மெத்தைப் பலகைக்குக் கீழே குளிர்ந்த ஹல் (படகோட வெளி உடல்). நடுவுல ஃபோம். ஒரு வாரத்துல தூக்கிப் பாருங்க, பலகை சொதசொதன்னு இருக்கும், ரெண்டாவது வாரம் கறுப்புப் புள்ளி. மெத்தைக்குக் கீழே காற்று போக அரை அங்குலமாவது இடைவெளி வேணும். அதுக்குன்னே பிளாஸ்டிக் கம்பிச் சுருள் விரிப்பு விக்குது, இல்லைன்னா மரச் சட்டம். காலையில எழுந்ததும் மெத்தையைச் சாய்ச்சு நிறுத்தி வச்சுட்டு வேலைக்குப் போங்க. படுக்கைப் பக்கத்துச் சுவருக்கு மூடிய செல் ஃபோம் தகடு, அரை அங்குலம், ஒட்டுங்க. உரிமையாளர் ஒத்துக்கலைன்னா ஒட்டாம செருகி வையுங்க. ஆனா ஃபோமுக்கும் சுவருக்கும் நடுவுல காற்று போனா அங்கேயே வேர்க்கும். ஒட்டியா ஒட்டணும், இல்லை நல்லா விலகி இருக்கணும்.

துணி அலமாரிக் கதவு பிரம்பு வலை இல்லைன்னா திறந்தே கிடக்கட்டும். ஆபீஸ் சட்டை நாலு போதும். தோல் செருப்பு, பெல்ட், பாஸ்போர்ட், படிச்ச சான்றிதழ் எதையும் படகுல வைக்காதீங்க.

டிஹியூமிடிஃபையர் (காற்றிலேர்ந்து ஈரம் இழுக்கிற மெஷின்) வாங்கியே ஆகணும். நூறு டாலருக்குக் கீழே வர்ற குட்டி பெல்டியர் வகை ஒரு அலமாரிக்குத்தான் போதும். கம்ப்ரெசர் வகை நல்லா இழுக்கும், ஆனா உள்ளே 15 டிகிரிக்குக் கீழே போனா சுருள்ல பனி பிடிச்சு வேலை பாதியாகும். டெசிக்கன்ட் வகை குளிர்லயும் இழுக்கும், கூடவே வெப்பமும் தரும், சுமார் 300லிருந்து 600 வாட். இந்த ஊர் குளிர்காலத்துக்கு நான் அதையே சொல்வேன். தண்ணிக் குழாயை சிங்க்ல விடுங்க, தொட்டியை நம்பாதீங்க.

#10 அணியம்

ஈரக்காற்று அக்கா சொன்னதோட ஒரு சண்டை. டிஹியூமிடிஃபையர் போட்டு எல்லா ஹேட்ச்சையும் (மேல்தளத்துல இருக்கிற திறப்பு மூடி) அடைச்சு வச்சா அது பாத்ரூம்ல குடியிருக்கிற மாதிரிதான். வெளியே மழை பெய்யும்போதும் ஹேட்ச்சைக் கொஞ்சம் திறந்து ஹீட்டர் போடறதுதான் சரி.

#11 ஈரக்காற்று

"மழை நாள்ல ஹேட்ச் திறந்தா ஈரம் உள்ளே வரும்"னுதான் எல்லாரும் பயப்படுவாங்க, அது தப்புன்னு நீங்க சொல்றது சரி. 8 டிகிரி காற்று முழுசா ஈரமா இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 8 கிராம் தண்ணிதான் பிடிக்கும். அதையே உள்ளே கொண்டுவந்து 18 டிகிரிக்குச் சூடாக்கினா ஈரப்பதம் 50 சதவீதத்துக்குப் பக்கத்துல இறங்கிடும். அதனால சமைக்கும்போதும் தூங்கும்போதும் ரெண்டு இடம் திறந்திருக்கணும்: முன்பக்க ஹேட்ச் ஒரு விரற்கடை, பின்னாடி படிக்கட்டு வாசலை அடைக்கிற பலகை ஒண்ணு எடுத்திருக்கணும். ஒண்ணு மட்டும் திறந்தா காற்று நகராது.

ஆனா வேலைக்குப் போகும்போது அடைச்சுட்டு மெஷினை ஓட விடணும். பூட்டாத படகை ஒரு நாள் முழுக்க விட்டுட்டுப் போக முடியாதே. பூம் (பாயோட அடியைப் பிடிக்கிற கிடைக்கம்பம்) மேலே ஒரு தார்ப்பாய் கட்டி முன்பக்க ஹேட்ச்சை மூடுற மாதிரி இழுத்துவிட்டா மழையிலயும் திறந்து வைக்கலாம், டெக் கசிவும் பாதி குறையும்.

கசிவு பத்தி ஒண்ணு. முதல் மழையில எங்கே சொட்டுதோ அங்கே ஓட்டை இருக்காது. தண்ணி உள் உறைக்குப் பின்னாடி ஓடி மூணு அடி தள்ளி வந்து விழும். பாய்மரத்தைத் தாங்குற கம்பிகள் டெக்கைத் துளைக்கிற இடம், கைப்பிடிக் கம்பி திருகு, ஜன்னல் சட்டம், இந்த வரிசையில பாருங்க. வெளியே சிலிக்கானைப் பூசாதீங்க. அதுக்கு மேல அப்புறம் எதுவுமே ஒட்டாது. ஃபிட்டிங்கைக் கழட்டி, பியூட்டைல் டேப் சுத்தி, திரும்ப முறுக்கணும். எட்டு மாச வாடகைக்காரருக்கு அது உரிமையாளர் தலைவலி, சாவி வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு ஹோஸ்பைப்பால டெக்கை அரை மணி நனைச்சுப் பார்த்துடுங்க.

#12 விரிகுடா_புதுசு

குறித்துக்கொண்டேன். கழிப்பறை பற்றி யாரும் பேசவே இல்லையே!

#13 கழிமுகம்

கடற்கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை வெளியே விடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விரிகுடா முழுதும் அதற்குள்தான். கழிப்பறையின் ஒய்-வால்வைத் (கழிவு தொட்டிக்கா, கடலுக்கா என்று திருப்பும் வால்வு) தொட்டிப் பக்கம் திருப்பி, கைப்பிடியைக் கம்பியால் கட்டியோ பூட்டியோ வைக்க வேண்டும். மெரினா பணியாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

இவ்வளவு நீளப் படகின் தொட்டி 20 முதல் 30 கேலன் இருக்கும். கைப்பம்பை ஒவ்வொரு முறையும் தாராளமாக அடித்தால் ஒரு கேலன் போகிறது. தனி ஆளுக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பகலில் அலுவலகமும் மெரினா கழிப்பறையும் பயன்படுத்தினால் மூன்று வாரம் இழுக்கலாம். காலி செய்ய படகைப் பம்ப் அவுட் நிலையத்துக்கு ஓட்டிப்போக வேண்டும். நீங்கள் ஓட்டப்போவதில்லை என்பதால் ஸ்லிப்புக்கே வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் படகுச் சேவையில் மாதாந்திரமாகச் சேருங்கள். டெக்கில் 'கழிவு' மூடி எது, தண்ணீர் மூடி எது, டீசல் மூடி எது என்று உரிமையாளரிடம் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாற்றி ஊற்றியவர்கள் உண்டு.

நாற்றத்துக்கு மூன்று மூலங்கள். ஒன்று, கழுவ எடுக்கும் கடல்நீர். அதில் உள்ள நுண்ணுயிர்கள் குழாயிலேயே செத்து அழுகிய முட்டை வாசம் அடிக்கும். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாய்க்குள் சுண்ணாம்புப் படிவும் கட்டும். ஒரு குவளை நன்னீரைக் கழிப்பறைக் கோப்பையில் ஊற்றிக் கழுவினால் இரண்டும் தீரும். குடிநீர்க் குழாயை நேராகக் கழிப்பறையில் இணைக்க மட்டும் வேண்டாம். இரண்டு, பழைய ஹோஸ். வெந்நீரில் நனைத்த துணியை ஹோஸ்மேல் சுற்றி, ஆறியதும் முகர்ந்து பாருங்கள், துணி நாறினால் ரப்பர் வழியே கசிகிறது. மூன்று, தொட்டியின் காற்றுக்குழாய் அடைப்பு. இது நாற்றத்தோடு நிற்காது. அடைத்திருக்கும்போது பம்ப் அவுட் செய்தால் உறிஞ்சலில் தொட்டியே உள்வாங்கி உடையும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று சீறினால், உறிஞ்சும் குழாயை வைக்காமல் முதலில் காற்றுக்குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.

குடிநீர்த் தொட்டிக்கு: 100 லிட்டருக்கு 100 மில்லி வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச், எல்லாக் குழாயிலும் வாசம் வரும்வரை ஓடவிட்டு, ஓர் இரவு வைத்து, இருமுறை அலசுங்கள். கரைக் குழாயைப் படகின் குழாய் அமைப்போடு நிரந்தரமாக இணைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். உள்ளே ஒரு இணைப்பு கழன்றால் நகராட்சித் தண்ணீர் முழுதும் உங்கள் படகுக்குள் வரும், பில்ஜ் பம்ப் ஈடுகொடுக்காது. தொட்டியை நிரப்பி, ஹோஸைக் கழற்றிச் சுருட்டி வைப்பதே முறை.

#14 ஈரக்காற்று

சமையலுக்கு வர்றேன். கேஸ் இருந்தா முதல்ல கசிவு சோதனை: சிலிண்டர் திறந்து, சோலினாய்டு (கேஸை அடைக்கிற மின் வால்வு) ஆன், அடுப்புக் குமிழ் எல்லாம் மூடி, பிறகு சிலிண்டர் வால்வை மூடுங்க. அழுத்த முள் மூணு நிமிஷம் அசையக் கூடாது. வீட்டுல கேஸ் கசிஞ்சா கதவு வழியா போகும். படகுல அது காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், நேரா பில்ஜ்ல போய்த் தங்கும், பம்ப்போட பொறி ஒண்ணு போதும். சிலிண்டர் இருக்கிற பெட்டி உள்ளறைக்குத் திறக்காம, அடியில வடிகால் வெளியே போற மாதிரி இருக்கணும். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கைக்குப் பக்கத்துல ஒண்ணு கட்டாயம்.

கரையிலேயே கட்டி இருக்கிறதால நான் இண்டக்‌ஷனைத்தான் சொல்வேன், ஈரமும் பாதி குறையும். 3 லிட்டர் குக்கர், ஒரு கனமான கடாய், ஒரு தோசைக்கல், இண்டக்‌ஷனுக்கு ஒத்துவர்ற அடி இருக்கணும். ஊர்லேர்ந்து கொண்டுவந்த மிக்ஸி 230 வோல்ட், அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் தூக்கிட்டு வராதீங்க, 110 வோல்ட் மிக்ஸி இந்த நாட்டு இந்தியக் கடைகள்லயே கிடைக்கும். தாளிப்பைக் காக்பிட்ல வச்சுப் பண்ணுங்க. உள்ளே பண்ணினா கடுகு-பெருங்காய வாசம் மெத்தை உறையில ஏறி, ஜூன்ல உரிமையாளர் முன்பணத்துல கை வைப்பார். இட்லி மாவு 13 டிகிரி அறையில புளிக்காது. ஐஸ்பெட்டியில வெந்நீர் பாட்டிலோட மூடி வையுங்க, தூங்கப் போகும்போது ஒரு தடவை பாட்டிலை மாத்தினா காலையில பொங்கியிருக்கும்.

எண்ணெயை சிங்க்ல ஊத்தாதீங்க. அது நேரா விரிகுடாவுக்குப் போகுது, தண்ணி மேல வானவில் படர்ந்தா உங்க படகு எதுன்னு யாரும் தேட வேண்டியதில்லை.

#15 வல்வை_மாலுமி

கயிறு. ரெண்டு முன்னால, ரெண்டு பின்னால, ரெண்டு ஸ்பிரிங் (படகு முன்னால பின்னால நகராமல் சாய்வாய்க் கட்டுறது) எண்டு ஆறு. அரை இஞ்சி நைலோன், முப்புரி. இங்க மேடை மிதக்கிற மேடை, ஓதத்தோட அதுவும் ஏறி இறங்கும், அதனால கயித்தைத் தளர்த்தி இறுக்கத் தேவையில்லை. ஆனா கயிறு உரசிற இடத்தில தோலோ பழைய தீயணைப்புக் குழாயோ சுத்துங்கோ. கோடையில காத்து கோல்டன் கேட் வழியா மேற்கால வந்து நேரே பெர்க்லிப் பக்கம் அடிக்கும், பின்னேரம் 20, 25 நொட் (மணிக்குக் கடல் மைல்). குளிர்காலப் புயலுக்கு முன்னம் தெற்குப் பக்கமிருந்து வரும். கோடையில சரியாயிருந்த கட்டு டிசம்பரில பிழைக்கிறது அதனாலதான். பாய்மரத்தில டங் டங்கெண்டு அடிக்கிற கயித்தை ஒரு ரப்பர் கொக்கியால கம்பிப் பக்கம் இழுத்துக் கட்டுங்கோ, இல்லாட்டி நீங்களும் நித்திரை கொள்ளமாட்டியள், பக்கத்துப் படகுக்காரனும் கொள்ளமாட்டான்.

டிசம்பர், ஜனவரியில பெரிய ஓத நாட்களில காலமை உச்சம், பின்னேரம் வற்று. ரெண்டுக்கும் இடையில 8 அடி வித்தியாசம் வரும். வேலையால வாற நேரம் இறங்கு பாலம் செங்குத்தாய் ஈரமாய் நிக்கும். அரிசி மூட்டையை அந்த நேரம் கொண்டு வராதேங்கோ. கிழக்குக் கரை மெரினாக்களில வண்டல் கூட, ஸ்லிப்பில கடைசி வற்றுக்கு எத்தினை அடி ஆழம் நிக்குமெண்டு கேளுங்கோ. கீல் (அடியில நீட்டிக்கொண்டிருக்கிற பாரத் தகடு) சேத்தில குந்தினால் படகு கொஞ்சம் சரியும், பெரிசாய் ஒண்டும் நடக்காது, ஆனா எஞ்சின் குளிர்நீர் வாய் சேத்தை இழுக்கும். அந்த நேரம் எஞ்சினை ஓட்டிப் பாக்காதேங்கோ.

நீச்சல் தெரியுமெண்டு நினைச்சிருப்பியள். தண்ணி குளிர்காலத்தில 10, 12 பாகை. விழுந்த முதல் நிமிசத்தில மூச்சு உங்கட சொல்லுக் கேளாது, பத்து நிமிசத்தில விரல் மடங்காது. மிதக்கிற மேடையில கையூண்டி ஏற ஏலாது. தண்ணிக்குள்ள இருந்தபடியே இழுத்து இறக்கக் கூடிய ஏணி படகின்ர பின்பக்கம் இருக்கவேணும். அது இல்லாத படகில தனியாள் தங்கக் கூடாது எண்டுதான் நான் சொல்லுவன். இரவில ஏறி இறங்கேக்க ஒரு கை எப்பவும் கம்பியில.

#16 அணியம்

மிச்சம் சில்லறை. தபாலுக்கு மெரினா முகவரி கிடைக்குமான்னு கேளுங்க, இல்லைன்னா தெரு முகவரி தர்ற தனியார் தபால்பெட்டி எடுங்க. வங்கிக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் நிஜக் குடியிருப்பு முகவரி வேற கேட்பாங்க. எமரிவில்லுக்குள்ள எமரி கோ-ரவுண்ட் பஸ் இலவசம், மெக்ஆர்தர் பார்ட் ரயில் நிலையம் வரை போகும். படகு வாங்கினா ஜனவரி 1 அன்னைக்கு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு கவுன்டி சொத்து வரி வரும், வாடகைன்னா உரிமையாளருக்கு. மே, ஜூன்ல ராத்திரி அடியிலேர்ந்து ஒரு மெஷின் உறுமுற சத்தம் மணிக்கணக்கில் கேட்டா பம்ப்பைக் கழட்டாதீங்க. மிட்ஷிப்மேன்னு ஒரு மீன், ஆண் மீன் இணைக்காகப் பாடுது. சாசலீட்டோ மிதவை வீட்டுக்காரங்க ஒரு காலத்துல அது என்னன்னு தெரியாம ரொம்பவே அலைஞ்சாங்க.

#17 விரிகுடா_புதுசு

மெரினா அலுவலகத்தில் பேசினேன். தங்கும் அனுமதி ஒன்று காலியாம், ஆனால் படகின் பதிவில் பெயர் உள்ளவருக்குத்தான் தருவார்களாம். உரிமையாளர் 'உன்னைப் பங்குதாரராகச் சேர்த்துவிடுகிறேன், எட்டு மாதம் கழித்து நீக்கிவிடலாம்' என்கிறார்.

#18 கழிமுகம்

பங்குதாரர் ஆனால் படகின் கடன், வரி, வழக்கு, மூழ்கினால் தூக்கும் செலவு எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் இருக்கும். பதிவை மாற்றும்போது விற்பனை வரிக் கணக்கும் வரும். செய்வதென்றால் மூன்று காகிதம் கையில் வந்தபின் செய்யுங்கள்: படகின்மேல் கடன் இல்லை என்பதற்கான ஆதாரம், தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்த சர்வேயர் அறிக்கை, எந்தத் தேதியில் யார் யாருக்கு எவ்வளவு தந்து விலகுவது என்ற எழுத்து ஒப்பந்தம். சர்வே அறிக்கையில் சீகாக் பற்றிய பக்கத்தை இங்கே போடுங்கள், வல்வை அண்ணன் பார்த்துச் சொல்வார்.

#19 வல்வை_மாலுமி

போடுங்கோ. ஏணி இருக்கோ எண்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கோ.